தோட்டத்து மரத்தைத் தோட்டத்திலேயே அறுக்க: வீட்டில் கட்டும் பட்டை ரம்ப மில்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அன்று மட்டும் பதினொரு பலா வேரோடு சாய்ந்தன. எல்லாம் அப்பா வைத்தவை. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது மரவாடியில் யார் விலை கேட்பார்கள்? மூன்று மாதம் வெயிலில் கிடந்து வெடித்த பிறகு, வைரம் பாய்ந்த கட்டைகளை விறகு விலைக்கு ஏற்றிவிட்டோம். அடுத்த புயலுக்குள் என் மரத்தை நானே பலகையாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அதற்கு நேரம் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

நான் பேருந்துப் பணிமனையில் 31 ஆண்டு மெக்கானிக்காக இருந்தவன். மரவேலை தெரியாது, வெல்டிங் சுமாராகத் தெரியும். அவசரப்படாமல் 14 மாதம் எடுத்துக்கொண்டு ஒரு மில் கட்டினேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இரண்டு பலா விழுந்தன. அவை விறகாகவில்லை. பலகையாகி என் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன.

ஓரளவு கைவேலை தெரிந்த, ஆனால் மில் பக்கமே போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டை ரம்ப மில் என்பது நேரான ஒரு படுக்கை, அதன்மேல் பல் வைத்த இரும்புப் பட்டையை (பிளேடை) மாட்டிக்கொண்டு ஒரே தளத்தில் சுற்றும் இரண்டு சக்கரம். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் சாமான்கள்தான். பெரிய மோட்டாருக்குக் கொடுக்கும் பணத்தையும் நேரத்தையும் மட்டம் பிடிப்பதற்குக் கொடுங்கள்.

இரும்பு வாங்கும் முன்பு

முதல் வேலை வன அலுவலகத்துக்குப் போய் வருவது. காடுகளைக் காக்கக் கேட்டுத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கொடுத்த உத்தரவுக்குப் பிறகு நாடு முழுக்க மர அறுவை மில்களுக்கு உரிமக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. 'என் மரம்தானே, விற்கவா போகிறேன்' என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது. என்ன கட்டப் போகிறோம், எந்த மரத்தை அறுப்போம், கூலிக்கு அறுக்க மாட்டோம் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். எனக்குப் பதில் வந்த பிறகே நான் இரும்புக் கடைக்குப் போனேன். பாகூர் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. நிலம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வனத்துறையிடம் கேட்க வேண்டும். மரம் ஏற்றிய வண்டி எல்லையைத் தாண்டப் போகிறது என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சந்தனம் போன்ற மரங்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, ஈட்டியும் சேர்த்து அந்தப் பக்கமே போக வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் அறிவித்தார்கள். விவசாய மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தில் இந்த மில்லை ஓட்டக் கூடாது. இதற்கென்று முறையாக விண்ணப்பித்து மும்முனை இணைப்பு வாங்குங்கள்.

எந்த மாதிரி மில்?

நம் ஊர் மரவாடிகளில் ரம்பம் நட்டமாக ஒரே இடத்தில் நிற்கும், மரம் டிராலியில் ஏறி அதை நோக்கி வரும். பெரிய கட்டைக்கும் நாளெல்லாம் ஓடும் தொழிலுக்கும் அதுதான் சரி. நமக்கு அது வேண்டாம். மரம் அசையாமல் கிடக்க, ரம்பம் படுக்கைவசமாகத் தண்டவாளத்தில் நகர்ந்து அறுக்கும் மாதிரியைக் கட்டுங்கள். ஒரு பலாக் கட்டை முந்நூறு, நானூறு கிலோ இருக்கும். அறுபது வயதுக்கு மேல் அதை நகர்த்துவதைவிட, சக்கரத்தில் உருளும் ரம்பத் தலையை (பிளேடும் அதன் சக்கரங்களும் மோட்டாரும் இருக்கும் நகரும் பகுதி) தள்ளுவது எவ்வளவோ மேல்.

மரவாடியின் வட்ட ரம்பமும் செயின் ரம்பமும் இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். ரம்பம் தின்னும் அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. செயின் ரம்பம் ஒரு அறுப்புக்கு 8, 9 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். பட்டை ரம்பம் 2 மில்லிமீட்டர்தான் எடுக்கும். பத்து அறுப்பு போட்டால் அதில் மூன்று அங்குலத்துக்கு மேல் தூளாகப் போகும், இதில் முக்கால் அங்குலம். ஒரு கட்டைக்கு இரண்டு பலகை கூடுதலாகக் கிடைக்கும்.

காகிதத்தில் கணக்கு

பிளேடில் தொடங்குங்கள், சக்கரத்தில் அல்ல. சிறிய மில்லுக்குப் பரவலாகக் கிடைப்பது 32 மி.மீ. அகலம், 1.07 மி.மீ. கனம், பல்லுக்குப் பல் 22 மி.மீ. இடைவெளி கொண்ட பிளேடு. சுருளாக இருப்பதை நாம் சொல்லும் நீளத்துக்கு வெட்டிப் பற்றவைத்துத் தருவார்கள். நான் எடுத்துக்கொண்டது 4.01 மீட்டர், அதாவது 158 அங்குலம். பிளேடின் உயிர் அந்தப் பற்றில்தான் இருக்கிறது. பட்டை ரம்பத்துக்கு இங்கிலாந்தில் 1800-களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஆனால் பற்று அறுந்துகொண்டே இருந்ததால் பல ஆண்டு அது பயன்படவில்லை. 1846-இல் பிரான்சில் க்ரெபேன் என்ற பெண்மணி, வளைந்து வளைந்து சுற்றினாலும் விடாத பற்றுக்கு வழி கண்டுபிடித்த பிறகுதான் அது பட்டறைகளுக்குள் நுழைந்தது. பிளேடு வாங்கும்போது பற்று இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடோ பள்ளமோ தட்டினால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சக்கரத்தின் விட்டம் 48 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறக்குறைய 1.51 மீட்டர். பிளேடின் நீளத்தில் அதைக் கழித்துப் பாதியாக்கினால் 1.25 மீட்டர். சக்கரங்களைச் சுற்றும் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் (அச்சுத் தண்டு) நடுவே இருக்க வேண்டிய தூரம் இதுதான். இரண்டு சக்கரத்துக்கும் இடையே 77 செ.மீ. வெற்றிடம் கிடைக்கும். பிளேடைப் பிடிக்கும் கைடு உருளைகளுக்கு இடம் போக, 60 செ.மீ. விட்டமுள்ள கட்டை வரை அறுக்கலாம்.

பிளேடு நொடிக்கு 24, 25 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 1440 சுற்றுள்ள மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, சக்கர ஷாஃப்ட்டில் 9 அங்குலப் புல்லி போட்டால் சக்கரம் 960 சுற்று சுற்றும். நொடிக்கு 24 மீட்டர் வந்துவிடும். மோட்டார் 7.5 குதிரைத்திறன், இரண்டு புல்லியையும் இணைக்கப் பி அளவு வி பெல்ட் இரண்டு. பழைய பம்புசெட் டீசல் எஞ்சின் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று பலருக்கும் ஆசை வரும். அதன் எடையை நகரும் தலையில் ஏற்றினால் தண்டவாளமே தொய்ந்துவிடும், வேண்டாம்.

படுக்கை

எங்கள் செம்மண் பூமி கெட்டியானது. அப்படியிருந்தும் ஒரு மழைக்காலம் போனால் ஒரு பக்கம் இறங்கும். அதனால் இரண்டு வரிசையாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் படுக்கையை வைத்தேன். 100 மி.மீ. சி சேனல் (சி எழுத்து வடிவ இரும்பு) 6 மீட்டர் நீளத்தில் இரண்டு. குறுக்கே 75 செ.மீ.க்கு ஒன்றாகச் சேனல் துண்டுகள், மரம் கிடப்பது இவற்றின் மேல். சேனலின் மேல்முகத்தில் 40 மி.மீ. எல் வடிவ ஆங்கிளைக் கூரை மாதிரி கவிழ்த்து வைத்துப் பற்றவைத்தால் தண்டவாளம் தயார். அதில் ஓடுவதற்குத் தள்ளு கேட்டுக்கு விற்கும் பள்ளம் விழுந்த சக்கரங்களே போதும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

நான் இரண்டு முறை பிரித்துச் செய்தது இந்த இடத்தைத்தான். முதல் முறை ஒரு பக்கத்தை முழுக்கப் பற்றவைத்துவிட்டு மறுபக்கம் போனேன். சூட்டில் சேனல் வில்லாக வளைந்து நடுவில் 6 மி.மீ. தூக்கிக்கொண்டது. எல்லா மூட்டிலும் முதலில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சதுரம். பிறகு இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு முழுப் பற்று போடுங்கள். மட்டத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமே போதும், நேருக்கு இறுக்கிக் கட்டிய நைலான் கயிறு. 6 மீட்டருக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் பிசகு இருந்தால் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். படுக்கையில் இருக்கும் ஒவ்வொரு கோணலும் கடைசிப் பலகை வரை கூடவே வரும்.

சக்கரமும் இழுவையும்

ஆரம்பத்தில் பழைய கார் சக்கரங்களை டயரோடு போட்டேன். மெக்கானிக்குக் கைவசம் இருப்பது அதுதானே. பிளேடு ஓடியது, ஆனால் டயர் சூடாகச் சூடாக இடம் மாறியது. அப்புறம் பி அளவுப் பள்ளமுள்ள வார்ப்பிரும்புப் புல்லிகளுக்கு மாறினேன். பள்ளத்தில் சற்றே சிறிய பெல்ட்டை இழுத்து மாட்டினால் அது விளிம்புக்கு மேல் கொஞ்சம் துருத்தி நிற்கும். பிளேடு ஓடுவது அந்தப் பெல்ட்டின் மேல்தான், இரும்பில் படாது. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத்தில் இரண்டையும் கடைந்து சமன் பார்த்து வாங்கினேன். 30 மி.மீ. ஷாஃப்ட், அதைத் தாங்க யு.சி.பி. 206 என்ற எண்ணில் கிடைக்கும் பேரிங். ஷாஃப்ட்டுக்கு மட்டும் பழைய இரும்பை நம்பாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

ஒரு சக்கரம் மோட்டாரோடு நிலையாக இருக்கும். மற்றது பிளேடை இறுக்கும் இழுவைக்காக நகர வேண்டும், கொஞ்சம் சாயவும் வேண்டும். அதன் பேரிங்கைத் தாங்கும் கட்டையை ஒரு பெட்டிக்குள் நகரும்படி செய்து, 20 மி.மீ. போல்ட்டால் வெளியே தள்ளினேன். நடுவே கெட்டியான ஸ்பிரிங் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும்போது பிளேடு சூட்டில் நீளும்.

எவ்வளவு இழுப்பது என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். கைக்குத் தெரியாது. எளிய வழி இது: தொய்வு மட்டும் போன நிலையில் பிளேடில் சரியாக அரை மீட்டர் இடைவெளியில் ஒரு வெர்னியரை (நுண்ணளவு காட்டும் அளவுகோல்) இரண்டு கிளாம்பால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்க இறுக்க அந்த அரை மீட்டர் கால் மில்லிமீட்டராவது நீள வேண்டும். அந்த நிலையில் சட்டத்தின் மேல் அரை டன்னுக்கு மேல் விசை இருக்கிறது. அதனால்தான் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் சட்டத்துக்கு ஒற்றைப் பைப் போதாது. 100-க்கு 50 மி.மீ. செவ்வகப் பைப் இரண்டைச் சேர்த்துப் பற்றவையுங்கள். வேலை முடிந்ததும் இழுவையைத் தளர்த்திவிடுங்கள். இரவெல்லாம் இறுக்கத்தில் கிடந்தால் பெல்ட்டில் பள்ளம் விழும், பிளேடும் சீக்கிரம் வெடிக்கும்.

பிறகு மோட்டாரைப் போடாமல் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பல்லின் குழி சக்கரத்தின் விளிம்புக்கு 3 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். பிளேடு முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் நகரும் சக்கரத்தின் சாய்வை மயிரிழை மாற்றி மறுபடி சுற்றுங்கள். நான் இதற்கு ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டேன்.

தலை ஏறி இறங்க

தலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறை போட்ட தண்டு, மேலே சைக்கிள் பல்சக்கரம், இரண்டையும் இணைக்கச் சைக்கிள் செயின். கைப்பிடியைச் சுற்றினால் இரு பக்கமும் ஒன்றாக ஏறும். 24 மி.மீ. சாதாரண மறைத் தண்டில் ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. கணக்கு வைப்பது சுலபம். எப்போதும் கீழே இறக்கும்போதே அளவை நிறுத்துங்கள். ஏற்றும்போது நிறுத்தினால் மறையில் இருக்கும் தளர்ச்சி அளவைக் கெடுக்கும்.

கைடு என்பது மரத்தின் இரு பக்கமும் பிளேடைப் பிடிக்கும் உருளைகள். அவை பிளேடைச் சக்கரத்தின் தளத்திலிருந்து 6 மி.மீ. கீழே அழுத்தி நிற்க வேண்டும். உருளையின் பின் விளிம்பு பிளேடின் முதுகிலிருந்து 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும். ஒரு கைடு நிலையானது, மற்றதை மரத்தின் அகலத்துக்கு ஏற்ப நகர்த்தலாம். கைடு மரத்தை ஒட்டி இருக்க இருக்கப் பலகை நேராக வரும்.

காப்பு

இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. இந்த இறுக்கத்தில் ஓடும் பிளேடு அறுந்தால் சாட்டை மாதிரி வெளியே பாயும். அறுக்கும் இடம் தவிர மீதி முழுவதும், இரண்டு சக்கரமும் சேர்த்து, 2 மி.மீ. தகட்டால் மூடுங்கள். சக்கரங்கள் சுற்றும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, பேரப்பிள்ளைகளைத் தோட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். சிவப்பு நிறுத்து பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். பேண்டும் இறுக்கமான சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி, காதடைப்பு, தூசுக்கு முகக்கவசம். தனியாக மில்லை ஓட்டாதீர்கள். மாத்திரை சாப்பிட்டுத் தலை கிறுகிறுக்கும் நாளில் மரம் காத்திருக்கட்டும்.

முதல் கட்டை

பழகுவதற்கு மாங்கட்டை எடுங்கள். புளி மிகவும் கடினம், முதல் மாதம் அதைத் தொட வேண்டாம். தெருவோர மரம் என்றால் உள்ளே ஆணி இருப்பது நிச்சயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை அடித்திருப்பார்கள், துணிக்கொடி கட்டியிருப்பார்கள், மரம் அதை விழுங்கியிருக்கும். வெட்டு முகத்தில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் அந்த நேரில் இரும்பு இருக்கிறது. கையில் பிடித்துத் தேடும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினேன், ஒரே ஒரு பிளேடைக் காப்பாற்றினாலும் அதன் விலை திரும்பிவிடும்.

அடிக்கட்டையை அறுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். பண்ருட்டிப் பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பேர் போனது. மிருதங்கத்துக்குப் பலகை உதவாது, முழு உருண்டைத் துண்டுதான் வேண்டும். நல்ல வைரமுள்ள நேரான பகுதி இருந்தால் தெரிந்த ஆசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ரம்பத்தை வையுங்கள்.

கட்டையின் ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்திருக்கும். சிறிய முனையின் அடியில் ஆப்பு வைத்து, நடுத்தண்டு படுக்கைக்கு மட்டமாக வரும்படி தூக்குங்கள். பிடிகளால் இறுக்குங்கள். பிடியின் தலை பிளேடின் உயரத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு அறுப்புக்கு முன்பும் குனிந்து பாருங்கள். மூன்றாவது நாளே நான் பிடியையே அறுத்துப் புது பிளேடு ஒன்றை இழந்தேன். முதல் அறுப்பில் மரப்பட்டையோடு மேல்பக்கம் போகும். 48 செ.மீ. சக்கரத்தில் ஒரே அறுப்பில் 15 செ.மீ. கனத்துக்கு மேல் எடுக்க வழியில்லை. கடப்பாரையால் கட்டையைப் புரட்டி நான்கு பக்கமும் எடுத்துச் சதுரமாக்கிவிட்டுப் பலகை போடுங்கள். நடுக்குருத்தைப் பலகையில் விடாதீர்கள், அங்கேதான் வெடிக்கும். அதை நான்கு அங்குலச் சட்டமாகத் தனியே நிறுத்திவிடுங்கள்.

தள்ளும் வேகத்தைக் காது சொல்லும். மோட்டாரின் சத்தம் இறங்கினால் கையைத் தளர்த்துங்கள். பலகை அலை அலையாக வந்தால் முதலில் பல்லைப் பாருங்கள், பத்தில் ஏழு முறை மழுங்கிய பல்தான் காரணமாக இருந்திருக்கிறது. அடுத்து இழுவை, அடுத்து கைடு. கணு இருக்கும் இடத்தில் மெதுவாகப் போங்கள்.

பலாவுக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது, அதன் பால். பிளேடில் ஒட்டிக் காய்ந்தால் பிளேடு சூடாகி வழி மாறும். தலையில் ஒரு கேன் கட்டி, சோப்புக் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ விடுங்கள். அதற்கும் அசையாத பிசினை டீசல் துணியால் துடைக்கலாம். வேலை முடிந்ததும் பிளேடில் எண்ணெய் தடவ மறக்காதீர்கள், நம் கடற்காற்றில் ஒரே இரவில் துரு பிடிக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பிளேடைக் கழற்றிச் சாணை பிடிக்கவும். மூன்று பிளேடு மாற்றி மாற்றி வைத்திருந்தால் வேலை நிற்காது. பற்களை இடம், வலம் என்று அரை மில்லிமீட்டர் வளைத்து செட்டு வைப்பதைச் சாணைக்காரரிடம் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தில் சொன்னால் பிடிபடாது.

காய வைப்பது

அறுத்த அன்றே அடுக்க வேண்டும். ஒரு வாரம் போட்டு வைத்த மாம்பலகையில் பூசணம் ஏறி நீலம் பாய்ந்துவிட்டது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மட்டமான தாங்கல், கரையான் ஏறாதபடி கல்லின் மேல். பலகைக்குப் பலகை நடுவே ஒரு அங்குலச் சவுக்குக் குச்சி, இரண்டடிக்கு ஒன்று, எல்லா அடுக்கிலும் ஒன்றின் மேல் ஒன்று நேராக. பலகை முனைகளில் அன்றே பெயிண்ட் அடித்தால் வெடிப்பு குறையும். மேலே கூரை, பக்கங்கள் திறந்தபடி, உச்சியில் பாரக்கல். மாம்பலகைக்கும் தூங்குமூஞ்சிக்கும் வண்டு வரும். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை ஈரத்தோடு இருக்கும்போதே இரு முகமும் பூசிவிடுங்கள்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பொங்கலுக்குப் பிறகு அறுத்தால் ஐப்பசி மழைக்கு முன் எட்டு, ஒன்பது மாத வெயில் கிடைக்கும், எனக்குத் தோதான காலம் அதுதான். ஒவ்வொரு பலகையின் முனையிலும் எந்த மரம், எந்தத் தேதி என்று எழுதி வைக்கிறேன். தை மாதம் ஒரு பலகையை எடுத்து எடை போட்டுக் குறித்து, மாதா மாதம் அதே பலகையை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை மாறாமல் நின்றால் ஆசாரியைக் கூப்பிடலாம்.